நூல் சுற்றிய மோதிரம்

2023ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் தேதி, புதன்கிழமை, காலை 11.20. அம்மாவின் இடக்கை நடுவிரலில் குளவி கொட்டிய நேரம் அது. எது நடந்தாலும் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குப் பத்து வயதுவரை தீயணைப்பு நிலையக் குடியிருப்பில் வளர்ந்ததால் வந்த பழக்கம். அப்பா வேலை பார்த்த அந்த நிலையத்தில் மணி அடித்தது, வண்டி கிளம்பியது, திரும்பி வந்தது எல்லாமே நேரத்தோடுதான் பதிவேட்டில் ஏறின.

நான் மதுரையில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். கோடை விடுமுறைக்கு வந்திருந்தேன். பின்னறையில் புழுக்கம் தாங்கவில்லை என்று நான்தான் சன்னலைத் திறக்கச் சொன்னேன். மழைக்காலத்தில் சாத்திய சன்னல் அது. அம்மா கதவைத் தள்ளியபோது சட்டத்தின் மூலையில் இருந்த மண்கூடு உடைந்தது. கொட்டியது ஒரே ஒரு குளவிதான். ஆனால் கொட்டிய இடம், மோதிரத்துக்கு ஒரு நூலிழை மேலே.

பன்னிரண்டு மணிக்குள் விரல் வெள்ளரிப் பிஞ்சு போலத் திரண்டுவிட்டது. மோதிரம் சதைக்குள் புதைந்தது. சோப்பு போட்டுப் பார்த்தோம். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தும் பார்த்தோம். அது அசையவில்லை. அரசு மருத்துவமனையில் ஊசி போட்ட செவிலியர் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீக்கம் இன்னும் ஏறும்க்கா. விரல் நீலமாகுறதுக்குள்ள மோதிரத்த எடுத்துரணும். நேரா ஃபயர் ஸ்டேஷனுக்குப் போங்க, ரெண்டு நிமிசத்துல வெட்டி எடுத்துருவாக" என்றார்.

அம்மா வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றதும், "வெட்ட விடமாட்டேன்" என்றாள்.

அது அப்பாவின் மோதிரம். திருமணத்தன்று மாதா கோவிலில் சாமியார் மந்திரித்து அவர் விரலில் போடச் சொன்ன, சிறிய சிலுவை செதுக்கிய மோதிரம். அது எப்படி அம்மாவின் விரலுக்கு வந்தது என்பதைச் சொல்ல, நாங்கள் வாழ்ந்த குடியிருப்பின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நிலையத்தின் பின்புறம் ஆறு வீடுகள் ஒரே வரிசையில் இருந்தன. எங்களுடையது மூன்றாவது. மாலையில் ஆண்கள் வாலிபால் ஆடுவார்கள். நனைந்த ஹோஸ் குழாய்கள் உயரமான கம்பத்தில் நீளநீளமாகத் தொங்கி உலரும். மணி அடித்தால் பாதி எறிந்த பந்து அந்தரத்தில் இருக்கும்போதே ஆட்டக்காரர்கள் காணாமல் போவார்கள். தட்டில் கைவைத்த சோறு, இன்னொரு தட்டால் மூடப்படும். முகச்சவரம் பாதியில் நிற்கும். ஓடும் அந்தச் சில நொடிகளில் ஒவ்வொருவரும் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு: விரலில் இருக்கும் மோதிரத்தைக் கழற்றி, வீட்டில் கைக்கு எட்டும் ஆளிடம் கொடுப்பது. எந்தக் காலத்திலோ ஏணியிலிருந்து குதித்த ஒருவரின் மோதிரம் கொக்கியில் மாட்டி, விரல் தனியாகப் போய்விட்டதாம். அதிலிருந்து மோதிரத்தோடு யாரும் வண்டியில் ஏறக்கூடாது.

பெண்கள் அந்த மோதிரத்தைப் பெட்டியில் வைக்கமாட்டார்கள். தங்கள் விரலில் போட்டுக்கொள்வார்கள். ஆண்களின் மோதிரம் பெரிதாக இருக்கும் என்பதால் பெருவிரலில் போடுவார்கள், அல்லது கழன்று விழாமல் விரலை மடக்கி வைத்துக்கொள்வார்கள். குழாயடியில் நிற்கும் பெண்களின் கையைப் பார்த்தாலே எந்தெந்த வீட்டு ஆள் வெளியே போயிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டு அத்தை பெருவிரலை மடக்கியபடியே ஒரு கையால் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பதைப் பார்த்து, "உம் புருசன் என்ன, கையவும் சேத்து வாங்கிட்டுப் போயிட்டாகளா?" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். "வரட்டும், மோதிரத்த வித்து ஒரு சேல எடுத்துட்டேன்னு சொல்றேன்" என்பார் அத்தை. வண்டி திரும்பியதும், புகையும் சேறும் நாறும் ஆள் வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டுவார். மோதிரம் அதில் விழும். பிறகுதான் குளிக்கத் தண்ணீர்.

ஒன்றை மட்டும் அங்கே யாரும் செய்வதில்லை. தளர்வான மோதிரத்தை இறுக்க, அதன் அடிப்பக்கம் நூல் சுற்றுவார்கள் அல்லவா, அதைச் செய்யமாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொடுக்கப்போகிற பொருளுக்கு நூல் எதற்கு என்பார்கள். உண்மையான காரணம் வேறு என்பது எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கும் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள், கிணற்றில் விழுந்த பசுவைத் தூக்க அப்பா போனார். மோதிரத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். பசு பிழைத்தது. வண்டி திரும்பியது. வண்டியிலிருந்து இறங்கியவர் நிலையத்துப் படியிலேயே உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கும் அந்தப் படிக்கும் எழுபது அடி தூரம்கூட இருக்காது. அங்கிருந்தே ஜீப்பில் தேனிக்குக் கொண்டுபோனார்கள். மோதிரம் கேட்டு அவர் வாசலுக்கு வரவே இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று அம்மா தையல் பெட்டியை எடுத்து, அந்த மோதிரத்துக்கு நூல் சுற்றினாள்.

அதன் பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரின் மறுபக்கம் வந்துவிட்டோம். அம்மா பள்ளிக்கூடத்து ஆசிரியை. பள்ளிக்கு நிலையத்தின் வழியாகப் போவதுதான் குறுக்கு. பத்து ஆண்டுகளாக அவள் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறாள். நானும் அப்படியே பழகிவிட்டேன். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

குளவி கொட்டிய அன்று, ஒரு மணி பத்து நிமிடத்துக்கு நிலைய வாயிலில் ஆட்டோவிலிருந்து இறங்கினோம். அம்மா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நம்ம யாருன்னு சொல்லாத."

"ஏம்மா?"

"சொன்னா நாற்காலி போடுவாக, காப்பி வாங்கியாரச் சொல்லுவாக, உங்கப்பாவப் பத்திப் பேசுவாக. மோதிரம் மாட்டிக்கிட்ட ஒரு பொம்பள வந்திருக்கா. அம்புட்டுதான்."

நிலையத்தில் இருந்தவர்கள் யாரும் அப்பாவின் காலத்து ஆட்கள் இல்லை. நரைத்த மீசையோடு ஒருவர்தான் அன்று பொறுப்பில் இருந்தார். அவருக்குக் கீழே ஈரோட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர். தொலைபேசி இருக்கும் வாட்ச் ரூமில், சத்தமாகப் பேசும் தடித்த மனிதர் ஒருவர். குடியிருப்பு வரிசை பூட்டிக் கிடந்தது. மூன்றாவது வீட்டின் வாசலில் எருக்கு முளைத்திருந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மோதிரமா? வாங்க, வாங்க" என்றார் வாட்ச் ரூம்காரர், எங்களை எதிர்பார்த்திருந்தவர் போல. "இந்த மாசத்துல இது நாலாவது. போன வாரம் ஒரு மாப்பிள்ள வந்தாரு. காலையில கல்யாணம், மத்தியானம் இங்கன. பொண்ணு பக்கத்துல நின்னு அழுகுது. நாங்க நகைய வெட்டுறோம்னு அழுகுதா, மாப்பிள்ளைய வெட்டுறோம்னு அழுகுதான்னு தெரியல."

நரைமீசைக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மாவின் விரலை எடுத்து நகத்தை அமுக்கினார். வெளுத்த நகம் மெதுவாகச் சிவந்தது. "ரத்தம் ஓடுது. ஆனா சோம்பலா ஓடுது. வெட்டிருவோம்மா. ஆசாரிகிட்ட குடுத்தா ஒட்டித் தந்துருவாரு. வெட்டுன இடமே தெரியாது."

"வெட்ட வேணாம் சார்."

"யம்மா, விரலு போயிரும்."

"வெட்டாம எடுக்க வழியிருக்குன்னு சொல்லுவாகளே. நூல் சுத்தி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முறை எல்லோருக்கும் தெரிந்ததல்ல. மெல்லிய உறுதியான நூலின் நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்துவிட்டு, மீதி நூலை மோதிரத்திலிருந்து நகம்வரை நெருக்கமாக இறுக்கிச் சுற்றுவார்கள். வீக்கம் அமுங்கும். அடியில் நுழைத்த நுனியைப் பிடித்துப் பிரிக்கப் பிரிக்க, மோதிரம் ஒவ்வொரு சுற்றாக மேலேறி வரும். அப்பா இப்படி எத்தனையோ மோதிரங்களை எடுத்திருக்கிறார்.

"சரி, கால் மணி நேரம் பாப்போம். வரலைன்னா நான் சொல்றதக் கேக்கணும்" என்றார் நரைமீசைக்காரர்.

இளையவர் நூல் கொண்டுவந்தார். "இருங்கக்கா, வலிக்காம சுத்தறேன்" என்று தொடங்கினார். வாட்ச் ரூம் சன்னலிலிருந்து குரல் வந்தது: "ஏலே, விரலுக்குச் சுத்தச் சொன்னா பம்பரத்துக்குச் சுத்துற?"

ஆனால் நூல் நுனி மோதிரத்துக்கு அடியில் நுழையவே இல்லை. ஊசியால் தள்ளியும் போகவில்லை. நரைமீசைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"உள்ள ஏற்கனவே நூல் சுத்தியிருக்கீகளா?"

"ஆமா."

"எம்புட்டு?"

அம்மா யோசித்தாள். "பழசு தேஞ்சு தளர்ந்தா, அதுக்கு மேலயே புதுசு சுத்திருவேன். பழச எடுத்ததில்ல."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப விரல இறுக்குறது மோதிரம் இல்லம்மா, நூலுதான். இது பெரிய மோதிரம். நூல மட்டும் எடுத்துட்டா தானா கழன்டுரும். வெட்ட வேண்டியதே இல்ல."

மோதிரத்தையும் நூலையும் ஒரே பொருளாக நினைத்துப் பழகியதால் எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை. அவர் ஊசியை எடுத்து, சதைக்கும் நூலுக்கும் நடுவே நுனியை விட்டு, முதல் இழையைத் தூக்கி அறுத்தார். மெரூன் நிறம். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது இழை. மூன்றாவது.

சரியாக 1.52க்குத் தொலைபேசி ஒலித்தது. வாட்ச் ரூம்காரரின் குரல் முற்றிலும் வேறாகிவிட்டது. "மார்க்கையன்கோட்டைப் பக்கம். வைக்கோல் படப்பு. பக்கத்துலயே மாட்டுக் கொட்டம்." அடுத்த நொடி மணி அடித்தது.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு நான் கேட்ட மணி. என் கால்கள் தாமாகச் சுவரோரம் ஒதுங்கின. அம்மா அதற்குள் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை வலக்கையால் இழுத்து, வண்டி வெளியேறும் வழியிலிருந்து அப்புறப்படுத்தியிருந்தாள்.

நரைமீசைக்காரர் ஊசியை என் கையில் திணித்தார். "பாப்பா, நான் செஞ்ச மாதிரியே செய்யி. நடுவுல நகத்த அமுக்கிப் பாரு. வெளுத்தது வெளுத்தபடியே நின்னா, உள்ள இருக்காருல்ல, அவருகிட்ட சொல்லி வெட்டிரு. உங்கம்மாவ கேக்காத." சொல்லிக்கொண்டே தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி, எங்கே வைப்பது என்று மேசை பக்கம் திரும்பினார்.

அம்மாவின் வலக்கை நீண்டிருந்தது. உள்ளங்கை மேல்நோக்கி.

அவள் அதை நினைத்துச் செய்தாளா என்று எனக்குத் தெரியாது. அவர் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மோதிரத்தை அதில் போட்டுவிட்டு ஓடினார். வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வெளியேறியது. அம்மா அந்த மோதிரத்தைத் தன் வலக்கைப் பெருவிரலில் போட்டு, விரலை மடக்கிக்கொண்டாள்.

நான் அவள் முன்னால் மண்டியிட்டேன். நகத்தை அமுக்கினேன். நிறம் திரும்ப வந்தது, முன்பைவிடத் தாமதமாக. எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த அதிகாரம் என்னை அச்சுறுத்தியது. வெட்டச் சொன்னால் அம்மா என்னை மன்னிப்பாள்; ஆனால் அதைப் பற்றி ஒருபோதும் பேசமாட்டாள். வெட்டாமல் விட்டு விரலுக்கு ஏதாவது ஆனால், நான் என்னை மன்னிக்கமாட்டேன்.

மெரூன் நூல் முழுவதும் வந்தது. கல்லூரியில் சேர்ந்தபோது எனக்குத் தைத்த ரவிக்கையின் நூல் அது. அதன் அடியில் கரும்பச்சை: மேல்நிலைப் பள்ளிச் சீருடை. அதற்கும் கீழே கருநீலம், எட்டாம் வகுப்புவரை நான் அணிந்த பாவாடையின் நிறம். எனக்காகத் தையல் பெட்டியில் என்ன நூல் இருந்ததோ அதையே அவள் மோதிரத்துக்கும் சுற்றியிருக்கிறாள். சோப்பும் வியர்வையும் சாக்பீஸ் தூளும் ஏறி, ஒவ்வொரு படலமும் மெழுகுபோல் இறுகியிருந்தது. இழையிழையாகத்தான் எடுக்க முடிந்தது.

வாட்ச் ரூம்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். இரண்டாம் முறை, மோதிரம் வெட்டும் கட்டரைக் கையிலேயே வைத்திருந்தார். "என்ன தாயி, நகம் என்ன சொல்லுது?"

அமுக்கினேன். வெளுத்தது. நான் மனத்துக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நிறம் வந்தது.

"இன்னும் அஞ்சு நிமிசம்" என்றேன்.

"அஞ்சுதான்" என்றார் அவர். அதற்கு மேல் வேடிக்கை பேசவில்லை.

கருநீலம் முடிந்த இடத்தில் காக்கி தெரிந்தது. முப்பதாம் நாளன்று சுற்றிய முதல் நூல். அப்பாவின் சட்டைப் பொத்தான்களைத் தைத்துக் கொடுக்க அம்மா வைத்திருந்த நூல்கண்டிலிருந்து எடுத்தது. நான் நிறுத்திவிட்டேன். அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். அவளுக்கும் தெரிந்தது.

"அதையும் எடு" என்றாள்.

2.17க்கு மோதிரம் கழன்றது. என் உள்ளங்கையில் விழுந்தது. எங்கும் வெட்டுப்படவில்லை. சிலுவை மட்டும் தேய்ந்து, ஒரு கீறலாக மிஞ்சியிருந்தது. அம்மாவின் விரலில் அது இருந்த இடம், வெயில் படாத வெளிர் நிறத்தில் ஆழமாகப் பள்ளமிட்டிருந்தது. வாட்ச் ரூம்காரர் கட்டரை மேசையில் வைத்துவிட்டு, மண்பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"போகலாமாம்மா?" என்றேன் கொஞ்ச நேரம் கழித்து.

அவள் வலக்கையை உயர்த்தினாள். மடங்கிய பெருவிரல். "கையில மோதிரம் இருக்குல்ல?"

வாட்ச் ரூமில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நான் சொல்லவில்லை. வேலை முடிந்த பெண்ணைப்போல அவள் நாற்காலியைப் பழைய இடத்துக்கே போட்டு, வாயிலைப் பார்த்து உட்கார்ந்தாள். ஹோஸ் கம்பத்தின் நிழல் தரையில் மெல்ல நீண்டது. வாலிபால் கம்பங்கள் இரண்டும் இன்னும் இருந்தன, வலை புதியது. ஒரு முறை அவள் தலையைத் திருப்பி, மூன்றாவது வீட்டைப் பார்த்தாள். "எருக்கு வெட்டணும்" என்றாள், நாளை குடிவரப்போகிறவள் போல.

வண்டி 3.40க்குத் திரும்பியது. படப்பு போய்விட்டது, கொட்டமும் மாடுகளும் தப்பித்தன. நரைமீசைக்காரர் மீசையெல்லாம் கரியாக இறங்கினார். இறங்கியவர் முதலில் என் அம்மாவின் இடக்கையைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த மோதிரத்தை. "வெட்டலயே?" என்றார். நான் இல்லை என்று தலையசைத்தேன்.

அம்மா எழுந்து அவருடைய மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள். அவர் உள்ளங்கையை விரித்தார். அது விழுந்தது.

"நீங்க இங்கன இருந்தவுகளா?" என்று கேட்டார்.

அம்மா கொஞ்சம் தயங்கினாள். "மூணாவது வீடு" என்றாள்.

அவர் பூட்டிய வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. நாற்காலி போடச் சொல்லவில்லை, காப்பி வாங்கவும் சொல்லவில்லை. மோதிரத்தை விரலில் ஏற்றிக்கொண்டே, "எங்க வீட்டுல பிள்ளைக படிப்புக்காக ஊர்லயே இருக்காக. நான் எப்பவும் ட்ராயர்லதான் போட்டுட்டுப் போறது" என்றார். பிறகு, "கைக்கு ஒத்தடம் குடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, வண்டியில் தண்ணீர் நிரப்பப் போய்விட்டார். காலித் தொட்டியோடு வண்டி நிற்கக்கூடாது என்பது அங்கே இன்னும் மாறவில்லை.

வீட்டுக்கு வந்து தையல் பெட்டியை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தேன். அவள் அதை மூடி, தள்ளி வைத்தாள். "வீக்கம் வடியட்டும்" என்றாள். வடிந்த பிறகு என்ன என்று சொல்லவில்லை. அறுத்தெடுத்த நூல்களை நான் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தேன். அதை வாங்கி, காக்கியை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை 6.15க்கு மோதிரத்தைக் கழுவித் துடைத்து, நூல் எதுவும் சுற்றாமல் என் பெருவிரலில் போட்டுக்கொண்டேன். விரலை மடக்கினால் விழாமல் நின்றது. பால் பாத்திரத்தை மறு கையில் எடுத்துக்கொண்டு, நிலையத்தின் வழியாகவே பால் வாங்கப் போனேன்.